குதிகால் இரத்தச் சொட்டும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும்: பிரித்தானியாவில் குழந்தை பெறும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிரித்தானியாவில் ஒரு குழந்தை பிறந்தால், ஐந்தாம் நாளளவில் மிட்வைஃப் எனப்படும் பேறுகாலத் தாதி வீட்டுக்கு வந்து, அதன் குதிகாலில் குத்தி, நான்கு சொட்டு இரத்தத்தை ஓர் அட்டையிலுள்ள வட்டங்களில் ஏந்திக்கொண்டு போவார். பெரும்பாலான வீடுகளில் குழந்தையின் அழுகை ஓய்ந்ததும் அந்த நிகழ்ச்சியும் மறந்துபோகும். அந்த அட்டையில் தேடப்படும் அரிய நோய்களுள் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் ஒன்று என்பதை, மருத்துவமனைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நான் உடனிருந்த குடும்பங்களில் அநேகமாக எவரும் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. நோயின் பெயரையே அவர்கள் முதன்முதலாகக் கேட்டது, மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பில்தான். அந்த அழைப்பு வருவதற்கு முன்பும் வந்த பின்பும் ஒரு குடும்பம் செய்ய வேண்டியவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். மருத்துவரின் சொல்லுக்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது; அவர் சொல்வது உங்களுக்கு விளங்குவதற்கும், கேட்க வேண்டியதை நீங்கள் தயங்காமல் கேட்பதற்கும் இது உதவட்டும்.

நோய் எது, ஏன் இவ்வளவு அவசரம்

நம் உடலின் செல்களில் உப்பும் நீரும் போய்வர வழிவிடும் ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான கட்டளையைத் தாங்கிய மரபணுவின் பெயர் சி.எஃப்.டி.ஆர். ஏழாவது குரோமோசோமில் உள்ள அந்த மரபணுவை 1989-இல் டொராண்டோவிலும் மிச்சிகனிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். தாயிடமிருந்து வந்த பிரதி, தந்தையிடமிருந்து வந்த பிரதி ஆகிய இரண்டும் பழுதாக இருந்தால், நுரையீரலில் உள்ள சளி நீர்ப்பதம் இழந்து பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். கிருமிகள் அதில் தங்கிப் பெருகும். கணையத்திலிருந்து குடலுக்குச் செல்லும் நுண்குழாய்கள் அடைபட்டுச் செரிமான நொதிகள் குடலை எட்டாமல் போகும். அதனால் குழந்தை எவ்வளவு பால் குடித்தாலும் அதிலுள்ள கொழுப்பு உடம்பில் ஒட்டாது. வியர்வையில் மட்டும் உப்பு அளவுக்கு மீறிச் சேரும். குழந்தையை உச்சி முகர்ந்து முத்தமிடும் தாய், உதட்டில் உப்புக் கரிப்பதை மருத்துவருக்கு முன்பே உணர்ந்துவிடுவது இதனால்தான்.

இந்நோயை 1938-இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற மருத்துவர் தனி நோயாக விவரித்த காலத்தில், இதனோடு பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளி வயதைக்கூட எட்டவில்லை. இன்று பிரித்தானியாவில் இந்நோயுடன் ஏறத்தாழ 11,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வளர்ந்த ஆண்களும் பெண்களுமாவர். இந்த மாற்றத்துக்குப் பல காரணங்கள் உண்டு. நோய் உடம்பைத் தின்னத் தொடங்குமுன் கண்டுபிடிப்பது அவற்றுள் ஒன்று, பெற்றோரின் கையில் உள்ள ஒன்றும் அதுவே.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதிக் குழந்தைகளின் பரிசோதனை முடிவு உடனே பெற்றோரிடம் சொல்லப்பட்டது. மறுபகுதியினருக்கு வழக்கம்போல் அறிகுறி தெரிந்த பிறகே நோய் அறியப்பட்டது. முன்கூட்டி அறியப்பட்ட குழந்தைகள் எடையிலும் உயரத்திலும் முந்தி நின்றார்கள். பின்னர் கண்டறியப்பட்டவர்களுக்கு நல்ல சிகிச்சை கொடுத்தபோதும் அந்த வளர்ச்சி இடைவெளி எளிதில் நிரம்பவில்லை. நுரையீரலில் அதே அளவு நன்மை தெரியாததற்கு ஒரு காரணமும் பின்னர் புலப்பட்டது: ஒரு சிகிச்சை மையத்தில் பச்சிளங்குழந்தைகளும் மூத்த நோயாளிகளும் ஒரே இடத்தில் காத்திருந்ததால், சூடோமோனாஸ் என்னும் கிருமி சின்னஞ்சிறுசுகளை விரைவிலேயே பற்றிக்கொண்டது. இந்தச் செய்தியை நினைவில் வைத்திருங்கள். கிளினிக்கில் உங்களை ஏன் தனி அறையில் உட்காரவைக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது.

முதற்படி: ஐந்தாம் நாள் அட்டை

பிறந்த நாளைச் சுழியம் என்று கணக்கிட்டு, அதிலிருந்து ஐந்தாம் நாளில் இரத்தம் எடுப்பதே வழக்கம். மிட்வைஃப் வருவதற்குச் சற்று முன் குழந்தையின் காலுக்கு உறை போட்டு இளஞ்சூடாக வைத்திருந்தால் இரத்தம் எளிதாக வரும். குத்தும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டோ, நெஞ்சோடு அணைத்துக்கொண்டோ இருந்தால் குழந்தை அதிகம் அழாது. வட்டம் முழுவதும் நனையாவிட்டால் அட்டை திரும்பி வரும். மறுபடி குத்த வேண்டியிருக்கும். அப்படி இரண்டாம் முறை அழைத்தாலே நோய் இருக்கிறது என்று பதற வேண்டாம். எதற்காகத் திரும்ப எடுக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டையிலுள்ள பெயரை நீங்களும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். நம்மவர்களில் பலருக்குத் தந்தையின் பெயரே குடும்பப் பெயராக நிற்பதால், தாய்க்கு ஒரு கடைசிப் பெயரும் குழந்தைக்கு வேறொன்றும் இருக்கும். மருத்துவமனைப் பதிவில் தாயின் பெயரிலும், பிறப்புப் பதிவில் தந்தையின் பெயரிலும் ஒரே குழந்தை இரண்டு பேராக நின்றுவிடும். குழந்தையின் என்.எச்.எஸ். (அரசு மருத்துவ சேவை) எண், பிறந்த தேதி, உங்கள் தற்போதைய முகவரி, எடுத்துப் பேசக்கூடிய தொலைபேசி எண் ஆகியவை சரியாக இருந்தால் இந்தக் குழப்பம் தீங்கு செய்யாது. பேறுகாலத்துக்காக உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்றால், அந்த முகவரியையும் சொல்லிவையுங்கள்.

வெளிநாட்டில் பிறந்த கைக்குழந்தையோடு புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இந்த இரத்தப் பரிசோதனையை இங்கே கேட்டுப் பெறலாம். ஆனால் அதில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸை மட்டும் எட்டு வாரம் கடந்த பின் பார்க்க முடியாது. ஆகவே வந்திறங்கிய வாரத்திலேயே ஜீபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிந்து, குழந்தை நலம் பார்க்க வரும் ஹெல்த் விசிட்டரிடம் இதைக் கேளுங்கள். இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்குமான நாடு தழுவிய பரிசோதனையாக இது இல்லை. அங்கே எடுத்த இரத்தப் பரிசோதனையில் இதுவும் அடங்கியிருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

இரண்டாம் படி: ஆய்வகத்தில் நடப்பதை அறிந்திருத்தல்

எட்டு வார வரம்பு எதற்காக என்பதை அறிந்தால் பரிசோதனையே விளங்கிவிடும். அடைபட்ட கணையத்திலிருந்து டிரிப்சினோஜன் என்ற பொருள் இரத்தத்தில் கசியும். சுருக்கமாக ஐ.ஆர்.டி. எனப்படும் அதன் அளவு பிறந்த சில வாரங்களில் மட்டும் மிகுந்திருந்து, பிறகு தானே இறங்கிவிடும். இரத்தச் சொட்டில் இதை அளந்து நோயை ஊகிக்கலாம் என்று 1979-இல் நியூஸிலாந்தில் கண்டுபிடித்தார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1981-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைத் தொடங்கியது. பிரித்தானியா முழுவதும் 2007-இலும், அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் 2010-க்குள்ளும் இது பரவியது.

ஐ.ஆர்.டி. அளவு மிக உயர்ந்திருக்கும் சிறு பகுதியினரின் அட்டையை மட்டும் ஆய்வகம் மரபணுச் சோதனைக்கு அனுப்பும். கடினமான பிரசவம்கூட இந்த அளவை உயர்த்திவிடக்கூடும் என்பதால், அந்தச் சிறு பகுதியினரிலும் பெரும்பாலோருக்கு நோய் இருப்பதில்லை. மரபணுவில் இரண்டு மாற்றங்கள் தென்பட்டால் நோய் இருக்கக்கூடும் என்று சொல்லி உடனே அழைப்பார்கள். ஒன்றே தென்பட்டால், அல்லது ஒன்றும் தென்படாமல் ஐ.ஆர்.டி. மட்டும் மிகமிக உயர்ந்திருந்தால், மூன்றாம் வாரத்தை ஒட்டி இன்னொரு முறை குதிகாலில் இரத்தம் எடுத்து அளவு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இந்த இரண்டாம் இரத்தத்தை நம்மவர்கள் அலட்சியப்படுத்தவே கூடாது. இந்நோயை உண்டாக்கும் மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. ஆய்வகம் முதலில் தேடுவது ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் சிலவற்றைத்தான். அவர்களிடம் பெருவழக்கான எஃப்508டெல் என்னும் மாற்றம் தெற்காசிய நோயாளிகளிடம் அந்த அளவுக்கு இல்லை. நம்மிடம் வேறு, அரிய மாற்றங்கள் கலந்து வருகின்றன. ஆகவே "மரபணுவில் ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற சொல் ஒரு தமிழ்க் குழந்தைக்கு முழு விடையாகாது. அந்தக் குழந்தையைத் தவறவிடாமல் காப்பது இந்த இரண்டாம் சொட்டு இரத்தம்தான்.

மூன்றாம் படி: தொலைபேசி அழைப்பு

எல்லாம் சரியாக இருந்தால் ஆறு வாரத்தை ஒட்டி முடிவு கடிதமாகவோ ஹெல்த் விசிட்டர் வாயிலாகவோ வரும். அதைக் குழந்தையின் உடல்நலப் பதிவேடான சிவப்புப் புத்தகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அதற்கு முன்பே, பெரும்பாலும் குழந்தைக்கு நான்கு வாரம் ஆகுமுன், ஒரு சிறப்புத் தாதியோ ஹெல்த் விசிட்டரோ அழைப்பார். அன்றோ மறுநாளோ மருத்துவமனைக்கு வரச் சொல்வார். அந்த அழைப்பில் கேட்க வேண்டியவை ஐந்துதான்: எந்த மருத்துவமனைக்கு, எத்தனை மணிக்கு வர வேண்டும், வியர்வைப் பரிசோதனை அன்றே நடக்குமா, குழந்தைக்குப் பால் கொடுப்பதில் ஏதும் மாற்றம் வேண்டுமா, தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்களா. மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் அன்றைக்குக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் பதற்றத்தில் தெரிந்த மொழியும் காதில் ஏறாது. மூத்த பிள்ளையையோ உறவினரையோ மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். பாரமான சொற்களை அவர்கள் அன்பினால் விழுங்கிவிடுவார்கள்.

அழைப்புக்கும் சந்திப்புக்கும் இடைப்பட்ட இரவில் இணையத்தில் தேடித் தேடிப் படிக்காதீர்கள் என்று சொல்வேன். அங்கே கிடைக்கும் ஆயுட்கணக்குகளில் பல, புதிய மருந்துகள் வருவதற்கு முந்தைய காலத்தவை.

நான்காம் படி: வியர்வைப் பரிசோதனை

நோயை உறுதிசெய்வதும் விலக்குவதும் இந்தப் பரிசோதனைதான். வலியில்லாதது. அன்று காலை குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டாம். கைகளில் எண்ணெயோ கிரீமோ பவுடரோ இருந்தால் வியர்வை சேகரிக்கும் கருவி தோலில் சரியாகப் பதியாது. மாற்றுத் துணி, பால், கூடுதலாக ஒரு போர்வை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

குழந்தையின் முன்கையில் மருந்துப் பசை பூசிய இரண்டு சிறு வட்டுகளைப் பட்டையால் கட்டி, மிக மெல்லிய மின்னோட்டத்தை ஐந்து நிமிட அளவுக்குச் செலுத்துவார்கள். பைலோகார்ப்பின் என்ற அந்த மருந்து தோலுக்குள் இறங்கி அந்த இடத்தை மட்டும் வியர்க்கவைக்கும். வட்டை எடுத்ததும் தோலில் நாணயம் அளவில் ஒரு சிவப்பு வட்டம் தெரியும். சில மணி நேரத்தில் அது மறைந்துவிடும். பிறகு அதே இடத்தில், கைக்கடிகாரம் போன்ற ஒரு தட்டைக் கட்டி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தத் தட்டுக்குள் கொசுவர்த்திச் சுருள்போல் சுற்றிய நுண்குழாய் இருக்கும். வியர்வை நீல நிறத்தில் அதற்குள் ஊர்ந்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒருமுறை ஒரு தந்தை போர்வையை விலக்கி விலக்கி அந்த நீலக் கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்; குழந்தையோ தாயின் மடியில் பால் குடித்தபடி உறங்கிவிட்டது. குழந்தை கதகதப்பாக இருந்தால்தான் போதிய வியர்வை கிடைக்கும். போதாவிட்டால் வேறொரு நாள் திரும்பச் செய்வார்கள். சிறு குழந்தைகளுக்கு இது சாதாரணமாக நடப்பது.

வியர்வையில் உள்ள குளோரைடின் அளவே முடிவைச் சொல்கிறது. லிட்டருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நோய் உண்டு என்று கொள்ளப்படும். 30-க்குக் கீழே இருந்தால் நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இடைப்பட்ட 30 முதல் 59 வரை வரும் சில குழந்தைகளுக்கு விடை உடனே கிடைக்காது. அவர்கள் நன்றாக இருப்பார்கள், எடையும் ஏறும். ஆனாலும் மரபணு முழுவதையும் படித்துப் பார்த்து, குறித்த இடைவெளியில் வியர்வைப் பரிசோதனையைத் திரும்பச் செய்து, சில ஆண்டுகள் கண்காணிப்பார்கள். அந்த இடைநிலை பெற்றோருக்கு மிகவும் துன்பமானது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று சந்திப்புகளைத் தவிர்த்துவிடாதீர்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஐந்தாம் நாள் பரிசோதனை எல்லா நோயாளிகளையும் பிடித்துவிடாது. முடிவு சரி என்று வந்த குழந்தைக்கும் ஓயாத இருமல், ஏறாத எடை, எண்ணெய் மினுக்கத்தோடு நாற்றமெடுக்கும் மலம், வெயிலில் அடிக்கடி துவண்டு போதல் ஆகியவை இருந்தால், வியர்வைப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று ஜீபியிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். தெற்காசியக் குழந்தையிடம் இந்நோயை எதிர்பாராத மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

ஐந்தாம் படி: குடும்பத்துக்குச் சொல்லுதல்

யாழ்ப்பாணத்திலிருந்து மகளின் பேறுகாலத்துக்கு வந்திருந்த ஓர் அம்மம்மா, மருத்துவர் சொல்லி முடித்ததும் மகளைப் பார்த்து, "பிள்ளை, எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இப்பிடியொரு வருத்தம் இருந்ததில்லை. அவை பிழையாச் சொல்லினம்" என்றார். மருத்துவர் அதை மறுத்துப் பேசவில்லை. ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டார். தாயிடம் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும், தந்தையிடமும் அவ்வாறே. நல்ல பிரதி ஒன்று இருந்தாலே போதும் என்பதால் இருவரும் ஆயுள் முழுவதும் சுகமாக இருப்பார்கள். அவர்களின் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இரண்டு பழுதும் சேர்வதற்கு, இரண்டு பங்கு பெற்றோரைப்போல் ஒன்றை மட்டும் தாங்குவதற்கு, ஒரு பங்கு இரண்டும் நல்லதாக அமைவதற்கு. தலைமுறை தலைமுறையாக ஒருவருக்கும் நோய் வராமலே அந்தப் பழுது கைமாறி வந்திருக்கலாம் என்பது அந்தக் கட்டங்களிலிருந்து அம்மம்மாவுக்கு விளங்கியது. அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பரம்பரையில் இல்லை" என்ற சொல்தான் நம் குடும்பங்களில் சிகிச்சையைத் தள்ளிப்போடும் சொல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனோடு சேர்ந்து வருவது தாய்வழியா தந்தைவழியா என்ற பழி. இரு வழியிலிருந்தும் வந்தாலன்றி இந்நோய் இல்லை என்பதால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் மணம் முடித்தவர்களிடம் ஒரே பழுது இரு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. அதை மரபணு ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; உங்களைக் குறைசொல்ல அவர் கேட்பதில்லை, எந்த உறவினரைச் சோதிக்க வேண்டும் என்று அறியவே கேட்கிறார். குழந்தையின் அண்ணன் அக்காமாருக்கு வியர்வைப் பரிசோதனை வேண்டுமா என்பதையும், அடுத்த குழந்தை பற்றிய வழிகளையும் அதே சந்திப்பில் பேசலாம். உங்கள் குழந்தை பழுதான ஒரு பிரதியை மட்டும் தாங்கியது என்று முடிவு வந்தால், அதற்குச் சிகிச்சை எதுவும் தேவையில்லை. வளர்ந்தபின் அதனிடம் சொல்ல வேண்டிய செய்தியாக அதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆறாம் படி: முதல் மாதங்களின் அன்றாடம்

நோய் உறுதியானதும் சிறப்பு மையத்தின் குழு ஒன்று உங்களோடு சேரும்: மருத்துவர், சிறப்புத் தாதி, பிசியோதெரபிஸ்ட், உணவு வல்லுநரான டயட்டீஷியன், உளவியலாளர். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை, கொடுக்கவே ஊக்குவிப்பார்கள்.

கணையம் அடைபட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் நொதி கொடுக்க வேண்டும். கிரியான் என்ற பெயரில் வரும் அது, கடுகைவிடச் சிறிய உருண்டைகளாக இருக்கும். குழு சொன்ன அளவை எடுத்து, சிறிது ஆப்பிள் கூழில் கலந்து, கரண்டி நுனியால் நாவில் வைத்துப் பாலூட்டத் தொடங்க வேண்டும். உருண்டைகளை நசுக்கவோ, பால் புட்டியில் போடவோ, சூடான கஞ்சியில் கலக்கவோ கூடாது. அவற்றின் மேலுறை வயிற்று அமிலத்தைக் கடந்து குடலில் திறப்பதற்காக அமைந்தது, முன்பே கெட்டுவிட்டால் நொதி வீணாகும். பால் குடித்து முடித்ததும் விரலால் குழந்தையின் ஈறு ஓரத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் தடவிப் பாருங்கள். ஓர் உருண்டை தங்கினாலும் அந்த இடம் புண்ணாகும். தாயின் முலைக்காம்பிலும் புண் வரலாம், ஆகவே அதையும் துடைத்துவிடுங்கள். முதல் வாரம் இது கைக்கு வராத வேலையாக இருக்கும். இரண்டாம் வாரத்தில் இருட்டிலும் செய்வீர்கள்.

கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களைத் துளி மருந்தாகத் தருவார்கள். நுரையீரலைக் காக்க, பிரித்தானியாவில் மூன்று வயதுவரை தினமும் ஓர் ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். குழந்தை நன்றாக இருக்கிறது என்று அதை நிறுத்திவிட வேண்டாம். நன்றாக இருக்கும்போதே கொடுப்பதற்கான மருந்து அது. நெஞ்சுச் சளி தங்காமல் இருக்கப் பிசியோதெரபிஸ்ட் சில அசைவுகளைக் கற்றுத்தருவார். பெரிய பந்தின்மேல் குழந்தையை உட்காரவைத்து மெல்லக் குதிக்கவிடுவதும் அவற்றில் ஒன்று. தலைகீழாகச் சாய்த்துத் தட்டும் பழைய முறையை யாராவது சொன்னால் பின்பற்றாதீர்கள். பாலைக் கக்கவைத்து அது தீமையே செய்யும். உப்புக் கரைசல் தேவையா என்பதையும் குழுவே முடிவு செய்யும். வீட்டில் நீங்களாக உப்பைக் கரைத்துக் கொடுப்பது ஆபத்து.

நம் வீட்டு வழக்கங்களில் ஒன்றை நிறுத்தியே ஆக வேண்டும். குளிப்பாட்டியபின் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது காலங்காலமாக அன்போடு செய்வது. ஆனால் இந்தக் குழந்தையின் நுரையீரலுக்கு எந்தப் புகையும் ஆகாது, சிகரெட், ஊதுபத்தி, சாம்பிராணி மூன்றுமே. தலைமுடியைப் பூந்துவாலையால் துவட்டிக் காயவையுங்கள். உரைமருந்து, நாட்டு மருந்து எதையும் குழுவிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். குழந்தை பார்க்க வருபவர்களில் சளி இருமல் உள்ளவர்களை, அவர் வீட்டுப் பெரியவராகவே இருந்தாலும், இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். பொறுப்பை உங்கள்மேல் போட்டுக்கொள்ளாதீர்கள், மருத்துவர்மேல் போடுங்கள் என்று நான் பெற்றோரிடம் சொல்வதுண்டு: "டாக்டர் சொல்லியிருக்கிறார்" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். வீட்டில் எல்லோரும் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள இருவர் நேரில் கூடுவது இருவருக்குமே தீங்கு, கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். ஆகவே இந்நோய் உள்ள வேறு குழந்தைகளின் வீடுகளுக்குப் போக முடியாது. 1964 முதல் இயங்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையைத் தொலைபேசியிலும் இணையத்திலும் அணுகலாம்.

ஏழாம் படி: வளரும் ஆண்டுகள்

எடையும் உயரமும்தான் முதல் சில ஆண்டுகளின் அளவுகோல். சிவப்புப் புத்தகத்தில் உள்ள வளர்ச்சிக் கோடுகளில் நடுக்கோடான 50-ஆம் கோட்டை ஒட்டியோ மேலோ குழந்தை இருக்க வேண்டும் என்று குழு பார்க்கும். "அப்பனும் இந்த வயதில் ஒல்லிதான்" என்ற ஆறுதலை இங்கே ஏற்றுக்கொள்ளாதீர்கள். திட உணவு தொடங்கும்போது நெய் விட்ட பருப்புச் சாதம், முட்டை, தயிர் எல்லாம் நல்லவை. கொழுப்பு எவ்வளவோ அதற்கேற்ற நொதி வேண்டும் என்பதை டயட்டீஷியனோடு கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நம் சமையலின் பெயர்கள் அவருக்குத் தெரியாது. இடியப்பத்துக்கு எவ்வளவு தேங்காய்ப்பால், தாளிக்க எத்தனை கரண்டி எண்ணெய் என்று எழுதிக்கொண்டு போனால் அவருக்கு வேலை எளிதாகும்.

ஒவ்வொரு கிளினிக்கிலும் இருமல் மாதிரி எடுத்துக் கிருமி பார்ப்பார்கள். சூடோமோனாஸ் புதிதாகத் தென்பட்டால் உடனே மருந்து கொடுத்து அதை ஒழிக்க முடியும். நாட்பட விட்டால் அது நுரையீரலிலேயே குடிகொண்டுவிடும். ஆண்டுக்கொரு முறை விரிவான பரிசோதனை நடக்கும். பத்து வயதிலிருந்து ஆண்டுதோறும் சர்க்கரைப் பரிசோதனையும் சேரும். இந்நோயால் வரும் சர்க்கரை நோய் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருவதிலிருந்து வேறானது. சோற்றைக் குறை, நெய்யை நிறுத்து என்ற வழக்கமான அறிவுரையை இந்தப் பிள்ளைக்குச் சொன்னால் எடை இழந்து நுரையீரலும் சேர்ந்து தளரும்.

மூல புரதத்தையே சீராக்கும் மருந்துகள் வந்திருப்பது இந்தத் தலைமுறையின் பெரும் பேறு. அவற்றில் முதலாவதான ஐவகாஃப்டர் 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பிரித்தானியாவில் காஃப்ட்ரியோ என்று வழங்கும் மூன்று மருந்துக் கலவையை, எஃப்508டெல் ஒன்றாவது உள்ள குழந்தைகளுக்கு இரண்டு வயது முதல் கொடுக்கலாம். எந்த மருந்துகளை வழங்கலாம் என்று ஆராயும் நைஸ் அமைப்பு 2024-இல் அதை என்.எச்.எஸ். தொடர்ந்து வழங்கப் பரிந்துரைத்தது. கொழுப்பு உள்ள உணவோடு அதைக் கொடுக்க வேண்டும்; கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் உடன் நடக்கும். எஃப்508டெல் இல்லாத நம் பிள்ளைகள் என்ன செய்வது? மரபணு முழுவதும் படிக்கப்பட்டதா, கண்ட இரண்டு மாற்றங்களின் பெயர் என்ன, அவற்றுக்கு இப்போதுள்ள மருந்துகளில் ஏதேனும் வேலை செய்யுமா என்று ஒவ்வோர் ஆண்டும் கேளுங்கள். மருந்துகளும் அனுமதிகளும் மாறிக்கொண்டே வருவதால் சென்ற ஆண்டு இல்லை என்ற விடை இந்த ஆண்டு மாறியிருக்கலாம். அந்த மாற்றங்களின் பெயர்களை உங்கள் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதிவைத்திருங்கள்.

செலவைப் பொறுத்தவரை, இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்டோரின் மருந்துச் சீட்டுகளுக்குக் கட்டணம் இல்லை. நோயோ உடற்குறையோ உள்ள குழந்தைகளுக்கான டி.எல்.ஏ. என்ற அரசு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், உங்கள் விசாவில் பொது நிதியைப் பெறக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால், விண்ணப்பிக்குமுன் தகுதியுள்ள ஆலோசகரிடம் கேட்டாக வேண்டும்.

ஊருக்குப் போகும்போது

சென்னையின் மே மாத வெயிலிலும் யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயிலிலும் இந்தக் குழந்தைகள் வியர்வையோடு உப்பை வேகமாக இழப்பார்கள். வாந்தி, சோர்வு, பால் குடிக்க மறுத்தல் என்று தொடங்கி மருத்துவமனையில் சேர்க்கும் நிலைவரை போகலாம். முதல் இரண்டு ஆண்டுகளில் மார்கழி, தை மாதங்களில் போய் வருவதே நல்லது. எப்போது போனாலும், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே குழுவிடம் சொல்லி, உப்பின் அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோயின் பெயர், மருந்துகளின் அளவு, குழுவின் தொலைபேசி எண் ஆகியவை அடங்கிய கடிதம் ஒன்றும் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்நோய் உள்ள குழந்தைகளைப் பார்க்கும் அனுபவம் உண்டு. அவசரத்துக்குச் செல்லக்கூடிய இடத்தைப் பயணத்துக்கு முன்பே விசாரித்து வையுங்கள். மருந்துகள் முழுவதையும் விமானத்தில் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, தேவையைவிட இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். கிரியான் அதிக வெப்பத்தில் வீரியம் இழக்கும்; ஊரில் இறங்கியதும் அதை வீட்டின் குளிர்ந்த அறையில் வைத்து, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சிறு குப்பியில் வெளியே எடுத்துச் செல்லுங்கள்.